அண்ணாச்சி பதில்கள்: டிவியிலிருந்து இறங்கி வந்த முதல் இதழ்

(பாளையங்கோட்டையில் வாடகை நூலகம் நடத்தி, இப்போது பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். பள்ளி விடுமுறை என்பதால் இந்த முறை வந்த கடிதங்களில் கார்ட்டூனும் காமிக்ஸும்தான் அதிகம்.)

என் மகன் இரண்டாம் வகுப்பு. நாள் முழுக்க ஒரே கார்ட்டூன்தான். அது காமிக்ஸாக வந்திருக்கிறது, முதல் இதழ் என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். டிவியை விடுவான் என்று நம்பி வாங்கினேன். நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இது நான் பார்த்த கதைதானம்மா" என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். காசு போனது போனதுதானா?
*— வாசகி, அம்பாசமுத்திரம்*

காசு எங்கேயும் போகவில்லை தங்கச்சி, கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. எடுத்துத் தூசி தட்டி வையுங்கள்.

பையன் சொன்னதில் தப்பில்லை. ஓடுகிற கார்ட்டூனுக்குக் காமிக்ஸ் போடுகிறவர்கள் பல நேரம் டிவியில் வந்த கதையை வைத்துத்தான் கடையைத் திறப்பார்கள். ஸ்கூபி டூ அமெரிக்க டிவியில் 1969 செப்டம்பரில் வந்தது. 1970-லேயே கோல்ட் கீ கம்பெனியின் காமிக்ஸும் வந்துவிட்டது. ஆரம்ப இதழ்களில் டிவிக் கதைகளையே கட்டம் போட்டுக் கொடுத்தார்கள்.

நிஞ்ஜா ஆமைகள் விஷயம் இன்னும் வேடிக்கை. அது பிறந்ததே காமிக்ஸாகத்தான். 1984-ல் கெவின் ஈஸ்ட்மேன், பீட்டர் லேர்ட் என்று இரண்டு பேர் கைக்காசும் கடன் காசும் போட்டு மூவாயிரம் சொச்சம் பிரதிகள் கருப்பு வெள்ளையில் அச்சடித்தார்கள். வெட்டும் குத்துமாக, சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாத சரக்கு. 1987-ல் அதையே பிள்ளைகளுக்கான கார்ட்டூனாக மாற்றினார்கள். நாலு ஆமைக்கும் நாலு நிறத்தில் கண்பட்டி என்பது நமக்குப் பழகிப்போனது அந்தக் கார்ட்டூனால்தான். பழைய காமிக்ஸ் அட்டையில் நாலு பேருக்கும் சிவப்பு. கார்ட்டூன் பிய்த்துக்கொண்டு ஓடவும், 1988-ல் ஆர்ச்சி காமிக்ஸ்காரர்கள் அதை வைத்து இன்னொரு காமிக்ஸ் தொடங்கினார்கள். அதன் முதல் இதழும் உங்கள் பையன் சொன்ன மாதிரி 'பார்த்த கதை'தான். மறு வருஷம் மறுபடி ஒன்றிலிருந்து எண் போட்டுத் தொடராக ஆக்கின பிறகும் அதன் முதல் நாலு இதழ்களை டிவிக் கதையை வைத்தே ஓட்டினார்கள். ஐந்தாம் இதழில்தான் சொந்தக் கதை. அதற்குத் தனி ரசிகர் கூட்டம் சேர்ந்தது அப்புறம்தான்.

எல்லாரும் அப்படியே என்றும் சொல்ல மாட்டேன். மை லிட்டில் போனி என்ற குதிரைக்குட்டிக் கார்ட்டூனை வைத்து 2012 நவம்பரில் ஐடிடபிள்யூ கம்பெனி கொண்டுவந்த காமிக்ஸ் முதல் இதழிலேயே புதுக் கதையில் இறங்கியது. டிவியில் தோற்று ஓடின வில்லி ராணியைத் திரும்பக் கொண்டுவந்து, அந்தக் கதையை நாலு இதழுக்கு இழுத்தார்கள். டிவி பார்த்த பிள்ளைக்கு ஆள் தெரியும், என்ன நடக்கும் என்று தெரியாது. முதல் இதழ் என்றால் எனக்கு இந்த ஜாதிதான் பிடிக்கும்.

சரி, உங்கள் வீட்டுப் புத்தகத்துக்கு வருவோம். அதில் ஏதாவது ஒரு சண்டைப் பக்கத்தைத் திறந்து பையன் முன்னால் வையுங்கள். ஒரு கட்டத்தில் கை ஓங்கியிருக்கும். அடுத்த கட்டத்தில் வில்லன் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடப்பான். நடுவில் இருப்பது கொஞ்சூண்டு வெள்ளை இடைவெளி. "அடி விழுந்தது எங்கேடா?" என்று கேளுங்கள். டிவியில் அந்த அடியை அவனுக்குக் காட்டிவிடுகிறார்கள். புத்தகத்தில் அதை அவன்தான் அடிக்க வேண்டும், சத்தமும் அவன்தான் போட வேண்டும். என் கடைப் படியில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளைப் பார்ப்பேன்; சண்டை வந்ததும் வாய் ஒரு பக்கம் கோணும், முழங்கை தானாக எழும்பும். தெரிந்த கதை என்றால் இந்த விளையாட்டு இன்னும் சுலபம்.

அப்புறம், டிவியை மறக்கடிக்கத்தான் வாங்கினேன் என்று மட்டும் அவன் காதில் போட்டுவிடாதீர்கள். கஷாயம் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்?

டிவியில் டாமும் ஜெர்ரியும் பேசுவதே இல்லை. பழைய காமிக்ஸ் ஒன்றில் இரண்டும் பேசுகின்றன. யாராவது ஏமாற்றிப் போட்டதா?
*— ஆறாம் வகுப்பு மாணவி, பாளையங்கோட்டை*

ஏமாற்று இல்லை பாப்பா, அசல்தான். டாம் அண்ட் ஜெர்ரி 1940-ல் திரைக்கு வந்தது. 1942-ல் 'அவர் கேங் காமிக்ஸ்' (Our Gang Comics) என்று ஒரு புத்தகம் தொடங்கி, அதன் முதல் இதழிலேயே இதுகளுக்கு இடம் கொடுத்தார்கள். அங்கேதான் வாய் திறந்தன.

ஏன் என்று என் யோசனையைச் சொல்கிறேன். அடுத்த தடவை டிவியில் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கேள். பூனை பதுங்கினால் வாத்தியமும் பதுங்கும். அது மாடிப்படியில் உருண்டால் மேளமும் சேர்ந்து உருளும். ஸ்காட் பிராட்லி என்பவரின் இசை. பாதிக் கதையை அவரே சொல்லிவிடுவார். காகிதத்தில் அந்த வாத்தியம் கிடையாது. துரத்துவதை மட்டும் பக்கம் பக்கமாக வரைந்தால் சலித்துவிடும். அதனால் வசனம். ஜெர்ரி பேச வேண்டுமென்றால் கூட ஒரு ஆள் வேண்டாமா? இடுப்பில் துணி கட்டிய குட்டி எலி ஒன்றைச் சேர்த்தார்கள். காமிக்ஸில் அதன் பெயர் டஃபி. 1946-ல் அந்தக் குட்டி எலி நிப்பிள்ஸ் என்ற பெயரில் திரைப்படத்துக்கே போய்விட்டது. திரையிலிருந்து புத்தகத்துக்கு வந்தவர்கள் உண்டு, இது புத்தகத்திலிருந்து திரைக்கு ஏறின எலி. 1949-ல் அந்தப் புத்தகத்தின் பெயரையே டாம் அண்ட் ஜெர்ரி காமிக்ஸ் என்று மாற்றிவிட்டார்கள்.

எனக்கென்னவோ பேசாத ஜெர்ரியைத்தான் பிடிக்கிறது. உனக்கு?

முதல் இதழ் என்றால் பின்னாளில் நல்ல விலை போகுமாமே? பேரனுக்கு வாங்கினதை உறை பிரிக்காமல் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். அவன் அழுதுகொண்டிருக்கிறான்.
*— ஓய்வு பெற்றவர், தென்காசி*

முதலில் பீரோவைத் திறந்து புத்தகத்தைப் பேரன் கையில் கொடுங்கள் சார். கணக்கை அப்புறம் பேசலாம்.

'1' என்று அட்டையில் போட்டிருப்பதால் மட்டும் விலை ஏறாது. மேலே சொன்ன குதிரைக்குட்டி காமிக்ஸுக்கு முன்பதிவே லட்சத்தைத் தாண்டியது. ஒரே இதழுக்கு விதவிதமான அட்டைகள் வேறு. லட்சம் பேர் பத்திரமாக வைத்திருக்கிற பொருளை நாளைக்கு யார் தேடி வருவார்? இன்னொன்று கேளுங்கள். பேட்மேன் கார்ட்டூன் 1992-ல் வந்தது. அதே வருஷம் அதை வைத்து 'தி பேட்மேன் அட்வென்ச்சர்ஸ்' என்ற காமிக்ஸ். அதில் சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்வது முதல் இதழுக்கு இல்லை, 1993-ல் வந்த 12-ஆம் இதழுக்கு. கார்ட்டூனுக்காகவே உருவாக்கின ஹார்லி குவின் என்ற பாத்திரம் காமிக்ஸில் முதன்முதலாகக் கால் வைத்தது அதில்தான். கடையில் வாங்கின அன்றைக்கு அதை யார் கண்டார்?

நம் பக்கத்துக்கு வாருங்கள். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தது. அது கார்ட்டூனிலிருந்து வந்ததல்ல, பிரிட்டிஷ் காமிக்ஸ் கதை. இன்றைக்கு அந்தப் பழைய பதிப்பைக் கண்டால் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். காரணம், அன்றைக்கு ஒருத்தரும் பூட்டி வைக்கவில்லை. வாடகை நூலகத்தில் ஒரு புத்தகம் படுகிற பாடு எனக்குத் தெரியும். முதலில் அட்டை போகும். பழைய காலண்டர் அட்டையை வைத்து, கோணி ஊசியால் மூன்று ஓட்டை போட்டு, சணல் நூலில் தைப்போம். அப்புறம் கடைசிப் பக்கம் போகும். வில்லன் யார் என்பதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போன பிள்ளைகள் உண்டு. கடைசியில் எடைக்குப் போய்ச் சுண்டல் மடிக்கும். இத்தனைக்கும் தப்பினதுதான் இன்றைக்கு விலை பேசுகிறது.

கார்ட்டூன் முதலா, காமிக்ஸ் முதலா?
*— வாசகர், நாங்குநேரி*

இரண்டும் உண்டு. சோட்டா பீம் 2008-ல் போகோ சேனலில் கார்ட்டூனாகப் பிறந்தவன். மோட்டு பட்லு 'லோட்பாட்' என்ற இந்திச் சிறுவர் பத்திரிகையில் பல வருஷம் படக்கதையாக இருந்துவிட்டு, 2012-ல் டிவிக்குப் போனவர்கள்.

எனக்கு நன்றாக வரைய வரும். சுட்டி டிவி காலத்திலிருந்து பார்த்த ஒரு கார்ட்டூனை வைத்து நானே காமிக்ஸ் போட்டு, முதல் இதழைச் சிவகாசியில் அச்சடித்து விற்கலாமா?
*— கல்லூரி மாணவர், சங்கரன்கோவில்*

அந்தக் கார்ட்டூனை வைத்து விற்கக்கூடாது தம்பி. பாத்திரத்தின் உரிமை அதைத் தயாரித்த கம்பெனியிடம் இருக்கும். எழுத்து அனுமதி இல்லாமல் அச்சடித்து விற்றால் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் வீடு தேடி வரும். கை பழகுவதற்கு வரை, சேக்காளிகளிடம் காட்டு, அதோடு நிறுத்திக்கொள். விற்கிறதற்கு உன் சொந்த ஆளை உருவாக்கு. சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் நின்றால் பத்துப் பாத்திரம் கிடைக்காதா?

வேலைக்கு வருவோம். எட்டு ஏ4 தாளை ஒன்றாக நடுவில் மடி. 32 பக்கம் வரும். நடுவில் பின் அடிக்கிற புத்தகம் எதுவானாலும் பக்கங்கள் நாலின் மடங்கில்தான் நிற்கும். 30 பக்கக் கதையோடு அச்சகத்துக்குப் போனால் மிச்சம் இரண்டு பக்கம் பல்லிளிக்கும். அந்த வெற்றுப் புத்தகத்தில் பக்க எண் போட்டுக்கொண்டு, எந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பென்சிலால் ஒரு வரி எழுது. இப்போது கவனி. வலப்பக்கம் ஒற்றைப்படை, இடப்பக்கம் இரட்டைப்படை. கதவைத் திறந்தால் பேய் என்று வைத்துக்கொள். கதவில் கை வைப்பதை 7-ஆம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் போடு. பேயை 8-ல் போடு. பேயை 7-ல் போட்டால், 6-ஐப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் தெரிந்துவிடும்; பயமுறுத்த முடியாது. இந்தத் தாள் திருப்புகிற தந்திரம் டிவிக்காரனுக்குக் கிடையாது, உனக்குத்தான் உண்டு. கார்ட்டூனைப் பார்த்துப் பழகினவர்கள் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

வசனத்தை முதலில் எழுதி, அது பிடிக்கிற இடத்தை ஒதுக்கிவிட்டுப் படம் போடு. படத்தை முடித்துவிட்டு எழுத்தைத் திணித்தால் கதாநாயகன் தலைமேல் ஏறும்.

இந்த வயதில் பிள்ளைகள் புத்தகம் படிக்க வெட்கமாக இல்லையா அண்ணாச்சி?
*— வாசகர், சேரன்மகாதேவி*

கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லையே என்று வருத்தம் உண்டு. வெட்கம் இல்லை.

பேரன் படத்தை மட்டும் பார்க்கிறான், எழுத்தைப் படிப்பதில்லை. இது படிப்பில் சேருமா?
*— ஆச்சி ஒருவர், திருச்செந்தூர்*

சேரும் ஆச்சி. படத்தை வரிசையாகப் பார்த்துக் கதை பிடிக்கிறானே, அதுவும் வாசிப்புதான். எழுத்துக்கு இழுக்க வேண்டுமானால் அதட்டாதீர்கள், ஆசை காட்டுங்கள். 'அட்வென்ச்சர் டைம்' கார்ட்டூனுக்கு 2012-ல் காமிக்ஸ் தொடங்கியபோது, எழுத்தாளர் ரையன் நார்த் பக்கத்தின் அடியில் கண்ணுக்குச் சட்டென்று படாத பொடி எழுத்தில் கேலியும் கிண்டலுமாக வரிகளை ஒளித்து வைத்தார். பிள்ளைகள் புத்தகத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்த் தேடும்படி ஒரு விளையாட்டு. உங்கள் வீட்டுப் புத்தகத்தில் அப்படி இல்லையென்றால் நீங்களே செய்யலாம். ஒரு பக்கத்தின் அடியில் பென்சிலால் பொடியாக, "கருப்பட்டி மிட்டாய் அரிசிப் பானைக்குப் பின்னால்" என்று எழுதி வையுங்கள். மறுநாளிலிருந்து எல்லாப் பக்கத்து அடியையும் அவன் படிப்பான். மிட்டாய்ச் செலவு உங்களது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. பழைய காமிக்ஸ் எல்லாம் நனைந்தும் காய்ந்து தேறிவிட்டன. ஆசையாக வாங்கின புது கார்ட்டூன் காமிக்ஸின் முதல் இதழ் மட்டும் செங்கல் மாதிரி ஒட்டிக்கொண்டது. விலை கூடின தாள் ஆயிற்றே, ஏன் இப்படி?
*— வாசகர், ஸ்ரீவைகுண்டம்*

விலை கூடின தாள் என்பதால்தான். பழைய காமிக்ஸ் சாணித் தாள். நனையும், ஊதும், காய்ந்தால் மொடமொடவென்று ஆகும், ஆனால் பக்கம் பிரியும். புது இதழ் ஆர்ட் பேப்பர். படம் பளபளக்க வேண்டும் என்று அதன்மேல் களிமண் கலந்த பூச்சு பூசியிருப்பார்கள். தண்ணீர் பட்டால் பூச்சு இளகும், காயும்போது பக்கத்துக்குப் பக்கம் பசையாகப் பிடித்துக்கொள்ளும். பிரித்தால் படம் உரிந்து எதிர்ப்பக்கத்தோடு போய்விடும்.

ஈரமாக இருக்கும்போதே பிடித்தால் காப்பாற்றலாம். வெயிலில் போடக்கூடாது. பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நடுவில் வெள்ளைத் தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் விட வேண்டும். கரண்ட் இருந்து, உடனே செய்ய நேரம் இல்லையென்றால் பாலிதீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, அப்புறம் நிதானமாகப் பிரிக்கலாம். காய்ந்து கல்லாகிவிட்டதைக் கத்தி வைத்து நெம்பாதீர்கள், இருக்கிற அட்டையும் போய்விடும். அந்தக் கார்ட்டூன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் புத்தகமும் எங்கேயாவது கிடைக்கும். வேறு ஒன்று வாங்கி, இந்த முறை மேல்தட்டில் வையுங்கள்.