பெயிண்ட் கடைசியில தான்மா: புது வீட்டுக்கு வெளிவேலையை எங்கருந்து ஆரம்பிக்கறது?

வேலூர்ல அரியூர் பக்கத்துல இருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க. 40க்கு 60 மனை, மேற்கு பார்த்த வீடு, கீழ்த்தளம் மட்டும், 1,230 சதுர அடி. வெளிப்பூச்சு இப்ப தான் முடிஞ்சுது, உள்ள டைல்ஸ் வேலை ஓடிட்டு இருக்கு. வீட்டுக்காரர் துபாய்ல, அதனால மேஸ்திரி கிட்ட மல்லு கட்டறது எல்லாம் இவங்க தான். தை மாசம் கிரகப்பிரவேசம், கையில மிச்சம் 3 லட்சம். காம்பவுண்டுக்குள்ள முழுசா பேவர் பிளாக் போட்டுடலாம்னு மேஸ்திரி சொல்றாரு, வாசல்ல ரெண்டு தென்னை இருக்கணும்னு மாமனார் சொல்றாரு, இவங்களுக்கு முன்னாடி கொஞ்சம் புல்தரை வேணும்னு ஆசை, நடுவுல பெயிண்டர் வேற இப்பவே ஆரம்பிச்சுடலாம்னு அட்வான்ஸ் கேக்கறாரு. எதை முதல்ல செய்யறதுன்னு கேள்வி.

முதல்ல பெயிண்டரை நிறுத்துங்கமா. இப்ப புரட்டாசி. இன்னும் ரெண்டு மூணு வாரத்துல ஐப்பசி மழை ஆரம்பிச்சுடும். புதுப் பூச்சு குறைஞ்சது 28 நாள் ஆறணும், அதுவும் தண்ணி விட்டு க்யூரிங் முடிச்ச பிறகு ஈரம் வெளிய போறதுக்கு நேரம் வேணும். ஈரம் உள்ள இருக்கும்போதே மேல எமல்ஷன் பெயிண்ட் அடிச்சா அந்த ஈரம் வெளிய வர வழி தேடும், பெயிண்டைத் தள்ளிட்டு தான் வரும், அடுத்த சித்திரைக்குள்ள கொப்பளம் கொப்பளமா உரியும். நம்ம ஊர்ல இதோட உப்புப் பிரச்சனையும் சேந்துக்குது. போர் தண்ணி நிறைய இடத்துல உப்பு, கலவையும் அதுல தான் கலக்கறாங்க, க்யூரிங்கும் அதுல தான், அப்புறம் சுவத்துல வெள்ளையா பூத்து நிக்கும். அது பூத்தா பயப்பட வேணாம், ஆனா அது மேலயே பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிக் கோட், அடிக்க விடக்கூடாது. காய்ஞ்ச பிரஷ் வச்சு தேய்ச்சு உதுத்துடணும், தண்ணி ஊத்திக் கழுவக்கூடாது, கழுவினா கரைஞ்சு திரும்ப உள்ள போயி திரும்ப பூக்கும். ரெண்டு மூணு தடவை தேய்ச்சா குறைஞ்சுடும்.

இந்த மழைக்காலத்தை வேஸ்ட்னு நினைக்காதீங்க, அது சம்பளம் வாங்காத இன்ஸ்பெக்டர் மாதிரி. எங்க ஒழுகுது, எந்த சன்ஷேடு மேல தண்ணி நிக்குது, எந்த ஜன்னல் ஓரத்துல கசியுது, வீட்டைச் சுத்தி எங்க குட்டை கட்டுதுன்னு எல்லாத்தையும் பெயிண்டுக்கு முன்னாடியே காட்டிக் கொடுத்துடும். நல்ல மழை பெய்யும்போது ஒரு குடையோட போயி வீட்டைச் சுத்தி நடந்து போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, அப்புறம் மேஸ்திரி "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா"ன்னு சொன்னா காட்டலாம். அதுக்கு முன்னாடி, மழை ஆரம்பிக்கிறதுக்குள்ள, மொட்டை மாடியில வடிகால் ஓட்டையை அடைச்சு ரெண்டு இன்ச் தண்ணி கட்டி 48 மணி நேரம் விட்டுப் பாருங்க. பாத்ரூம்ல டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடியும் இதே டெஸ்ட். டைல்ஸ் ஒட்டிட்டாங்கன்னா அப்புறம் கசிவு எங்க இருக்குன்னு தேடறது பெரிய பாடு.

இப்ப மொட்டை மாடி. 3 லட்சத்துல நான் கை வைக்கிற முதல் இடம் அது தான், பேவர் பிளாக் இல்ல. ஏன்னு சொல்றேன். வேலூர் கிட்டத்தட்ட 13 டிகிரி வடக்கு அட்சரேகையில இருக்கு. அதனால ஏப்ரல் கடைசியில சூரியன் நம்ம தலைக்கு நேர் மேல வந்துடுது, திரும்ப ஆகஸ்ட் நடுவுல இன்னொரு தடவை. கத்திரி வெயில்ல 40 டிகிரி தாண்டறது நமக்குப் புதுசு இல்ல, அந்த நேரத்துல சுவரை விட தளம் தான் மொத்த வெயிலையும் வாங்குது, ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் போட்டா அனல் காத்து வர்றதுக்கு காரணம் அந்த தளம் தான். சுத்தி இருக்கிற பாறை மலையும் ராத்திரி சூட்டை விடும்னு பெரியவங்க சொல்லுவாங்க, அதை நம்மால ஒண்ணும் பண்ண முடியாது, தளத்தைப் பண்ணலாம். செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு மேல தட்டையான மண் ஓடு பதிக்கிற பழைய முறை இன்னும் நல்ல முறை தான், ஆனா நல்லா அடிச்சு கெட்டிக்கிற ஆள் கிடைக்கறது கஷ்டமா இருக்கு. ஆள் கிடைக்கலன்னா வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் பண்ணிட்டு வெள்ளை கூல் டைல்ஸ் போடுங்க. எது போட்டாலும் சரிவு முக்கியம், 10 அடிக்கு ஒண்ணேகால் இன்ச் இறக்கம் வேணும், கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலையில வளைவா கலவை வச்சு பூசணும். நிறைய வீட்ல ஒழுகறது நடுத்தளத்துல இல்ல, அந்த மூலையில தான். இந்த வேலையை கார்த்திகை கடைசியில மழை விட்ட நாளா பார்த்து ஆரம்பிங்க, வெளிச்சுவர் பெயிண்டுக்கு முன்னாடி முடிச்சுடுங்க, ஏன்னா மேல இருந்து சிமெண்ட் தண்ணி ஒழுகி சுவரெல்லாம் கோடு விழும்.

அடுத்தது அந்த மாடித் தண்ணி எங்க போவுதுன்றது. 1,230 சதுர அடி மாடியில 1 செ.மீ மழை பெஞ்சா 1,100 லிட்டருக்கு மேல வரும். நம்ம பக்கம் வருஷத்துக்கு சுமார் 900 மி.மீ.க்கு குறையாம பெய்யுதுன்னு வச்சா கணக்குப்படி ஒரு லட்சம் லிட்டர், பாதி வீணாப் போனாலும் 50,000 லிட்டர் நல்ல தண்ணி. தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பு 2003லயே கட்டாயம் ஆயிடுச்சு, ஆனா முக்கால்வாசி வீட்ல பிளானுக்காக ஒரு சிமெண்ட் உறையை இறக்கிட்டு அதுல குப்பை போட்டு வச்சிருப்பாங்க. நீங்க அப்படி விடாதீங்க. நாலு இன்ச் பைப்ல இறக்கி, முதல் மழைத் தண்ணியை வெளிய விட ஒரு வால்வு வச்சு, கூழாங்கல் மணல் ஃபில்டர் வழியா சம்ப்புக்கு (தரைக்கு அடியில இருக்கிற தண்ணித் தொட்டி), சம்ப் நிரம்பினா போருக்குப் பக்கத்துல 3 அடி அகலம் 5, 6 அடி ஆழத்துல ஒரு குழிக்கு. போர் பைப்புக்குள்ள நேரா விடறேன்னு எவனாவது சொன்னா வேணாம்னு சொல்லிடுங்க, அழுக்கு நேரா கீழ போயிடும். செப்டிக் டேங்க் எந்தப் பக்கமோ அதுக்கு எதிர்ப்பக்கம் தான் இந்தக் குழி. அரியூர்ல கொஞ்சம் தோண்டினாலே சில மனையில சுக்காம்பாறை வந்துடும், வந்தா ஆழத்தைக் குறைச்சு அகலத்தை ஏத்திக்கோங்க. பாலாத்துப் படுகையில தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடித் தண்ணியை எந்த நிலைமைக்குக் கொண்டு வந்துச்சுன்னு 1996லயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த மாவட்டம் நம்முது, அதனால மேல இருந்து வர்ற நல்ல தண்ணியை தெருவுல விடறதுக்கு எனக்கு மனசு வராது. தண்ணியை ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க, குடிக்கறதுக்கு டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது, வேற தண்ணிக்கு வழி இல்லன்னா 2,000 வரைக்கும்னு ஐஎஸ்ஐ கணக்கு. உங்களுது 1,000 தாண்டினா பாத்ரூம்ல கருப்பு டைல்ஸ், பளபளன்னு கருப்பு குழாய் எதுவும் வாங்காதீங்க, வெள்ளைக் கறை தேய்ச்சே வாழ்க்கை போயிடும்.

தரைக்கு வருவோம். வீட்டைச் சுத்தி ரெண்டு அடி அகலத்துக்கு கான்கிரீட் பட்டை போடணும், சுவர்ல இருந்து வெளிப்பக்கம் சரிவா. அதை போடறதுக்கு முன்னாடி அஸ்திவாரம் ஓரமா கரையான் மருந்து அடிச்சுடுங்க, போட்ட பிறகு துளை போட்டு அடிக்கணும், ரெட்டைச் செலவு. மீதி தரைக்கும் வீட்ல இருந்து வெளிய 10 அடிக்கு 2, 3 இன்ச் இறக்கம். மேஸ்திரி சொல்ற முழு பேவர் பிளாக் எனக்கு சம்மதம் இல்ல. உங்க வீடு மேற்கு பார்த்தது, முன்னாடி இருக்கிற 14 அடி முழுக்க கல்லைப் போட்டா மத்தியானம் 2 மணியில இருந்து அது சூடேறி ஹாலுக்குள்ள அனலா அடிக்கும், தண்ணியும் உள்ள இறங்காது. வண்டி நிக்கிற இடம், கேட்ல இருந்து வாசப்படி வரைக்கும் நடக்கற பாதை, துணி துவைக்கிற இடம், இது போதும். கார் தானேன்னா 60 மி.மீ. கல் போதும், 80 மி.மீ. லாரி நிக்கிற இடத்துக்கு. கீழ கெட்டிச்சு, மேல எம்சாண்ட் (கல்லை உடைச்சு எடுக்கிற மணல்) தூள் பரப்பி அதுல பதிக்கச் சொல்லுங்க. நம்ம ஆளுங்க பாதிப் பேரு சிமெண்ட் கலவை போட்டு ஒட்டிடறாங்க, அப்ப பேவர் எதுக்கு, சிமெண்ட் தரையே போட்டுடலாமே! பதிக்கறதுக்கு முன்னாடி குறுக்க ரெண்டு இன்ச் காலி பைப் ரெண்டு மூணு புதைச்சு ரெண்டு முனையும் மூடி வைங்க. நாளைக்கு கேட் லைட்டு, கேமரா, தோட்டத்துக்கு தண்ணி லைன்னு எது வேணாலும் கல்லைப் பேக்காம இழுத்துக்கலாம்.

தெருவை விட உங்க உள்தரை எவ்வளவு ஒசரம்னும் பாத்துக்கோங்க. ரோடு போட வரும்போது பழசை சுரண்டாம மேலயே போட்டுட்டுப் போனா அடுத்த மழைக்கு தெருத்தண்ணி வாசலுக்கு வந்துடும். ஒரு அடி, ஒண்ணரை அடி கையில வச்சுக்கறது நல்லது.

மாமனார் தென்னைக்கு இன்னா பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. தோப்புல தென்னைக்குத் தென்னை 25 அடி விடுவாங்க, அப்ப ஒரு மரத்து மட்டை சுத்தி 12 அடிக்குப் போவும்னு கணக்கு. உங்ககிட்ட முன்னாடி 14 அடி, வடக்குல 7 அடி, பின்னாடி 5 அடி, தெற்குல 3 அடி. எங்க வச்சாலும் ஒண்ணு உங்க போர்டிகோ மேல மட்டை விழும், இல்ல பக்கத்து வீட்டு மாடியில, இல்ல ஈபி ஒயர்ல. கார் கண்ணாடியில ஒரு நெத்து விழுந்தா போதும். கோடையில ஒரு மரத்துக்கு தினமும் 50 லிட்டருக்கு மேல தண்ணி வேற. இந்தக் கணக்கை அவருகிட்ட நீங்க சொல்ல வேணாம், டேப்பை அவர் கையில கொடுத்து அளக்கச் சொல்லுங்க, தோப்பு வச்சவரா இருந்தா அவரே புரிஞ்சுப்பாரு. பதிலுக்கு அவர் பேர்ல ஒரு புங்கை, மேற்கு காம்பவுண்ட் ஓரம், போருக்கும் சம்ப்புக்கும் தள்ளி வைங்க. மூணு நாலு வருஷத்துல மத்தியான வெயிலை முன்சுவத்துல விழாம தடுக்கும், காத்துக்கு சட்டுனு ஒடியாது. வேம்பு நல்ல மரம் தான், ஆனா 15 அடியாவது தள்ளி வைக்கணும், உங்களுக்கு இடம் இல்ல. கோனோகார்பஸ் வேகமா வளரும்னு நர்சரியில ஆசை காட்டுவாங்க, வேர் தண்ணியைத் தேடி பைப்புக்குள்ள போயிடும், வேணாம்.

புல்தரை ஆசையை முழுசா கெடுக்க மாட்டேன். 300 சதுர அடி புல்லுக்கு வெயில் நாள்ல தினமும் 150 லிட்டர் போல ஆவும், உப்புத் தண்ணி ஊத்தினா நுனி கருகும். அதனால ஜன்னலுக்கு முன்னாடி 60, 70 சதுர அடி மட்டும் போடுங்க, உக்காந்து காப்பி குடிக்க அது போதும். மீதி இடத்துல வடக்குப் பக்கம் எலுமிச்சை, மாதுளை, கறிவேப்பிலை, பின்னாடி வாஷிங் மெஷின் தண்ணி போற இடத்துல வாழையும் கல்வாழையும். செடி வளர்க்கிற பையில நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரி வைங்க, 2023ல புவிசார் குறியீடு வாங்கின கத்திரி, எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு அதை அடிச்சுக்க ஆள் இல்ல.

நடறதுக்கு முன்னாடி மண்ணைப் பாருங்க. கட்டடம் கட்டின மனையில மேல் மண்ணு மண்ணே இல்ல, உடைஞ்ச செங்கல், சிமெண்ட் பால், டைல்ஸ் துண்டு. அதுல எது வச்சாலும் வெளுத்துப் போவும். நடற இடத்துல மட்டும் ஒரு அடி வாரி வெளிய போட்டுட்டு செம்மண்ணும் மக்கின சாணி எருவும் ஒரு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்புங்க, மரத்துக்கு 3 அடி குழி. விரிஞ்சிபுரத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, மண் பரிசோதனை பத்தி அங்க கேளுங்க. மரக்கன்னை இந்த ஐப்பசி மழையிலயே நட்டுடலாம், தைக்குள்ள வேர் பிடிச்சு சித்திரையைத் தாங்கிடும். புல்லு மட்டும் பெயிண்டர் சாரம் இறக்கின பிறகு, இல்லன்னா மிதிச்சே கொன்னுடுவாங்க.

கடைசியா பெயிண்ட். மார்கழி பிறந்ததும் ஆரம்பிங்க, ஆனா காலையில பனி ஈரம் சுவத்துல இருக்கும், வெயில் வந்து காய்ஞ்ச பிறகு 10 மணிக்கு மேல தான் பிரஷ்ஷைத் தொடணும். வெளிச்சுவத்துக்கு பட்டி (சுவரை வழவழப்பாக்க பூசற மாவு) வேணாம், பிரைமர் ஒண்ணு, எக்ஸ்டீரியர் எமல்ஷன் ஒரு கோட், கிரகப்பிரவேசத்துக்கு அதுவே பளிச்சுன்னு இருக்கும். ஒரு கோடை போச்சுன்னா முடி மாதிரி விரிசல் எங்கெங்க விழணுமோ விழுந்துடும், அதை அடைச்சுட்டு ரெண்டாவது கோட். அதுக்கான பெயிண்ட் காசை இப்பவே தனியா எடுத்து வைங்க, அதை விருந்துச் செலவுல சேக்காதீங்க. இப்ப எல்லாரும் அடிக்கிற டார்க் கிரே மேற்குச் சுவத்துக்கு கண்டிப்பா வேணாம், சூடும் ஏறும் சீக்கிரம் வெளுக்கவும் செய்யும். உள்சுவத்துக்கு பட்டி போடலாம், ஆனா மாடி டெஸ்ட்டும் ஒரு நல்ல மழையும் பாத்த பிறகு.

இன்னொண்ணு. செப்டிக் டேங்க் மூடியும் கழிவுநீர் பைப் சேம்பர் மூடியும் பேவர் பிளாக்குக்கு அடியில போயிடாம பாத்துக்கோங்க, மேல தெரியற மாதிரி ஃபிரேம் வச்சு மட்டத்துக்கு ஏத்தச் சொல்லுங்க, பதிக்கறதுக்கு முன்னாடியே எல்லா மூடியையும் சுவத்துல இருந்து அளவு போட்டு போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கும் ஒரு காப்பி அனுப்பிடுங்க.