ராட்டினமும் தேதியும்

அன்புள்ள ஐயா,

ஊர் ஊராகப் போய் ராட்டினமும் விளையாட்டுக் கடைகளும் போடும் அமெரிக்கக் கார்னிவல்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘இது குடும்பங்களின் தொழில்’ என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. ராட்டினம் என்பது இயந்திரம். பணம் இருப்பவர் பத்து ராட்டினங்களை வாங்கி லாரியில் ஏற்றி ஊர் ஊராகப் போக வேண்டியதுதானே? இதில் அப்பா, அம்மா, பிள்ளை, மருமகள் எல்லாம் எதற்கு? கையில் காசில்லாத குடும்பம் இதற்குள் எப்படி நுழைகிறது, எப்படிப் பெரிதாகிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பத்து ராட்டினம் வாங்கியவருக்கு முதல் மாதமே தெரிந்துவிடும், தன்னிடம் இருப்பது பத்து லாரி இரும்பு என்று. அதை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? அமெரிக்காவில் கவுண்டி என்னும் மாவட்டங்கள் பலவற்றில் ஆண்டுக்கு ஒருமுறை கண்காட்சி நடக்கிறது. கண்காட்சிக் குழு ஒரு கார்னிவலோடு ஒப்பந்தம் போடுகிறது, பெரும்பாலும் பல ஆண்டுகளுக்கு. மொத்த வசூலில் இத்தனை சதவீதம் குழுவுக்கு என்பது பேச்சு. வெயில் காலத்தில் இருப்பதோ விரல்விட்டு எண்ணக்கூடிய வாரங்கள். நல்ல வாரங்கள் எல்லாம் ஏற்கெனவே யாரோ ஒருவர் கையில் இருக்கும். புதிதாக வந்தவருக்குக் கிடைப்பது வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடமும் ஏப்ரல் மாத மழையும்தான்.

எந்த வாரம் எந்த ஊர் என்ற வரிசையை அவர்கள் ‘ரூட்’ என்கிறார்கள். தொழிலின் மூலதனம் அதுதான். உங்கள் கடிதத்தில் ராட்டினம் இருக்கிறது, பணம் இருக்கிறது, தேதி மட்டும் இல்லை.

காசில்லாத குடும்பம் நுழையும் வழி பெரும்பாலும் ஒரு தொட்டி. சிறு மோட்டார் தண்ணீரைச் சுற்றவிடும். அதில் பிளாஸ்டிக் வாத்துகள் மிதந்து வரும். ஒவ்வொன்றின் அடிவயிற்றிலும் ஓர் எண். குழந்தை ஒன்றைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கும்; எண்ணுக்கேற்ற பொம்மை. எந்தக் குழந்தையும் வெறுங்கையோடு போகாது, எந்தப் பொம்மையும் குழந்தை கொடுத்த காசுக்கு மேல் விலை பெறாது. இந்தக் கடையை வேறொருவரின் கார்னிவலில் ஓரமாகப் போட்டு, அவருக்கு ஒரு பங்கு கொடுத்துவிட வேண்டும். கணவன் லாரி ஓட்டுவான், மனைவி தொட்டியருகே நிற்பாள்.

அடுத்தது குழந்தைகளுக்கான சிறு ராட்டினம், அதுவும் பழையது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிள்ளைகள் பெருகிய காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் நார்த் டோனவாண்டாவில் இருந்த ஆலன் ஹெர்ஷல் நிறுவனம் இப்படிப்பட்ட சிறிய ராட்டினங்களைச் செய்து விற்றது. ஓரிருவர் பூட்டிக் கழற்றலாம். ஏறுவது ஒரு குழந்தைதான், ஆனால் கூடவே இரண்டு பெரியவர்களும் அவர்களுடைய பணப்பையும் வந்து நிற்கும்!

இப்படி எளிதாகப் பூட்டிக் கழற்றுவது ஒரு காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாதது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் பெர்ரிஸ் என்ற பொறியாளர் நிறுத்திய ராட்டினம் 264 அடி உயரம். 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர். எந்தக் குடும்பமும் அதைக் கட்டி இழுக்க முடியாது. அதில் ஏறிப் பார்த்த சல்லிவன் என்ற பாலம் கட்டுபவர், கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய ராட்டினத்தை 1900இல் செய்தார். அவருடைய நிறுவனத்தின் பெயர் இன்றும் ‘ஈலை பிரிட்ஜ்’தான். பெயரில் பாலம், விற்பது ராட்டினம். மினசோட்டாவின் பாரிபோ ஊரில் ஹெர்பர்ட் செல்னர், சமையலறை மேசையின் மேல் ஓர் ஆடும் பலகை, அதன் மேல் ஒரு நாற்காலி, அதில் தன் மகன் என்று வைத்து ஆட்டி ஆட்டிப் பார்த்தார் என்பார்கள். 1926இல் அதிலிருந்து பிறந்தது டில்ட்-அ-வேர்ல் என்னும் ஆடிச் சுழலும் ராட்டினம். அம்மா அப்போது எங்கே சமைத்தார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஐந்தாறு ராட்டினங்கள் சேர்ந்ததும் குடும்பம் ஒரு சிறிய ஊரின் கண்காட்சியைத் தன் பெயரிலேயே கேட்கலாம். சூட்சுமம் இங்கேதான். தேதி கிடைத்துவிட்டால் இரும்பு தானாக வரும். ராட்டினம் வைத்துக்கொண்டு ஊர் இல்லாமல் இருப்பவர்கள் பங்கு பேசி வந்து சேர்வார்கள். சொந்தம் ஆறு, மற்றவர்களுடையது எட்டு. பலகையில் ஒரே பெயர். அகலக்கால் வைக்காமல் பெரிதாகும் வழி இது.

ஜேம்ஸ் ஸ்ட்ரேட்ஸ் கிரேக்கத்திலிருந்து 1909இல் வந்தவர். கார்னிவலில் மல்யுத்தம் செய்து பிழைத்தார். 1923இல் கூட்டாளிகளோடு ஒரு கார்னிவலுக்கு உடைமையாளரானார். 1932இல் அதற்குத் தன் பெயரை வைத்தார். 1945இல் குளிர்காலத்துக்காக நிறுத்தி வைத்திருந்த இடத்தில் தீப்பிடித்துத் தளவாடங்கள் அழிந்தன. அடுத்த பருவத்தில் மறுபடியும் கிளம்பினார். எப்படி என்று கேட்டால் என் கணக்கு இது: எரிந்தது இரும்பு, ஊர்கள் எரியவில்லை. 1959இல் அவர் இறந்தபின் மகன் நடத்தினார். ரயிலிலேயே ஊர் மாறிய கடைசி அமெரிக்கக் கார்னிவல் அதுதான்.

சரி, குடும்பம் எதற்கு? கல்லாவுக்கு. டிக்கெட் சுருள்களில் வரிசை எண் இருக்கும். டிக்கெட் விற்கும் கூண்டைத் திறக்கும்போது முதல் எண்ணைக் குறிக்க வேண்டும், மூடும்போது கடைசி எண்ணை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அன்றைய விற்பனை. கண்காட்சிக் குழுவின் பங்கும் அதிலிருந்துதான். நள்ளிரவு தாண்டி, தூக்கக் கலக்கத்தில், ரொக்கத்தை எண்ணி இந்தக் கணக்கோடு ஒத்துப்பார்க்க வேண்டும். சம்பளத்துக்கு வந்தவர் யோக்கியராகவே இருக்கலாம். ஆனால் நாற்பது டாலர் குறைந்தால் அந்த நேரத்தில் மறுபடி முதலிலிருந்து எண்ணுபவர் யார்? அம்மா எண்ணுவார்.

இன்னொன்று, மட்டம். ராட்டினத்தின் கால்களுக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, ரசமட்டத்தில் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை ஏற்றி இறக்குவார்கள். இரவு மழை பெய்தால் புல்தரையில் ஒரு கால் விரலளவு புதைந்திருக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலையில் ரசமட்டத்தோடு ஒரு சுற்று வருவதை எந்த முதலாளியும் தன் பிள்ளைகளைத் தவிர மற்றவரிடம் எளிதில் விடுவதில்லை.

இதையெல்லாம் இனிக்க இனிக்கச் சொல்ல நான் தயாரில்லை. ஞாயிறு இரவு முழுக்கக் கழற்றி, திங்களன்று லாரி ஓட்டி, செவ்வாயில் பூட்டும் வீட்டில் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும்? குடும்பம் மட்டும் போதவும் போதாது. கூலிக்கு ஆள் கிடைக்காமல் பல கார்னிவல்கள் பருவகால விசாவில் மெக்சிகோவிலிருந்து ஆட்களை அழைக்கின்றன. வெராக்ரூஸ் மாநிலத்தின் த்லாபகோயான் என்ற ஒரே ஊரிலிருந்து மட்டும் ஏராளமானோர் போகிறார்கள். விசா தாமதமானால் பாதி ராட்டினங்கள் கொட்டகையில் கிடக்கும். அண்ணன் தம்பி பிரிந்தாலோ நிலைமை இன்னும் மோசம். இரும்பை ஆளுக்குப் பாதி பிரித்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் மாதத்து நல்ல வாரம் ஒன்றை எப்படிப் பிரிப்பது?

மருமகள் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அவளுடைய அப்பாவிடம் செப்டம்பர் முதல் வாரம் இருந்திருக்கும்.