கையில காசில்லாதவங்க மேல கிரிமினல் கேஸ் வந்தா கோர்ட்ல நியாயம் கிடைக்குமா?

சட்டப்படி பார்த்தா கிடைக்கும். ஆனா தீர்ப்பு வர்றதுக்குள்ளயே பாதி தண்டனையை அனுபவிச்சு முடிச்சிடுவாங்க, அதுதான் நிஜம்.

நான் நீலகிரி மாவட்டம் பந்தலூர் பக்கம், எஸ்டேட் ஏரியா. எல்லாரும் வக்கீல் பீஸைத்தான் பெரிய செலவுன்னு நினைக்கிறாங்க, நான் பார்த்த வரைக்கும் ஆளை வெளிய விடாம பிடிச்சு வைக்கிறது ஜாமீன்தாரர் விஷயம்தான். எங்க பக்கத்து லைன் (எஸ்டேட் தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டிக் குடுத்த வீடுங்க) அண்ணன் ஒருத்தர் அடிதடி கேஸ்ல ரிமாண்ட் ஆனாரு, ஜாமீன் ஆர்டரும் வந்துடுச்சு, ரெண்டு பேர் வீட்டு வரி ரசீதோட வந்து கையெழுத்து போடணும்னாங்க. லைன் வீட்டுக்கு ஏதுங்க வரி ரசீது, வீடே எஸ்டேட்டோடது! சரி, வெளிய சொந்தமா வீடு கட்டினவங்களை கேட்கலாம்னா அது செக்‌ஷன் 17 நிலம். வெளியூர்க்காரங்களுக்காக சொல்றேன், 1969ல போட்ட கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்துல பிரிவு 17க்குள்ள வர்ற நிலம் அது, பிரச்னை தீராமயே கிடக்கு, தலைமுறையா குடியிருக்கறவங்க கையிலயும் பட்டா கிடையாது.

அண்ணனோட சம்சாரம் இருக்காங்களே, அந்த அக்காவோட தம்பி கேரளா வயநாட்டுல இருக்காரு, சொந்த நிலம் வெச்சிருக்கறவரு, நில வரி கட்டின ரசீதை எடுத்துட்டு ஓடி வந்தாரு. கோர்ட்ல "வேற ஸ்டேட் ரசீதெல்லாம் வேண்டாம்மா, உள்ளூர் ஆளா கூட்டிட்டு வாங்க"ன்னுட்டாங்க. அக்கா அதை பிளாஸ்டிக் கவர்ல போட்டு மடிச்சு கையில பிடிச்சபடியே சாயந்திரம் வரைக்கும் கோர்ட் வராண்டாவுல நின்னாங்க. ஆர்டர் வந்தும் அண்ணன் உள்ளதான் இருந்தாரு.

இதுல எனக்கு வயிறெரியறது என்னன்னா, இது தப்புன்னு சுப்ரீம் கோர்ட் 1978லயே மோதி ராம் வழக்குல சொல்லிட்டாங்க. மத்தியப் பிரதேசத்துல ஒரு கொத்தனார்கிட்ட 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, அவரோட தம்பி சொத்து வேற மாவட்டத்துல இருக்குன்னு ஏத்துக்கல. நீதிபதி கிருஷ்ணய்யர் அதை கடுமையா கண்டிச்சு 1,000 ரூபாய் சொந்த ஜாமீன்ல விடச் சொன்னாரு. இவ்வளவு வருஷம் கழிச்சும் நாட்டுல சிறையில இருக்கறவங்கள்ல நாலுக்கு மூணு பேர் விசாரணைக் கைதிங்கதான்.

வெளிய வந்தாலும் வாய்தா இருக்கு. பெரிய குற்றம், செஷன்ஸ் கேஸ்னா ஊட்டிக்கு போகணும், கூடலூர்ல இருந்தே 50 கிலோமீட்டர், அன்னிக்கு கூலி போச்சு, பஸ் காசு போச்சு, போய் நின்னா சாட்சி வரலைன்னு தள்ளி வெச்சிடுவாங்க. உடம்பு சரியில்லாம ஒரு வாய்தா போகலைன்னா பிடிவாரன்ட். ஹைகோர்ட்டுக்கு போகணும்னா சென்னை, அதைப் பத்தி லைன்ல யாரும் யோசிக்கக்கூட மாட்டாங்க.

இலவச சட்ட உதவி இருக்கேன்னு கேட்பீங்க. இருக்கு, 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டத்துல பெண்கள், குழந்தைங்க, எஸ்.சி, எஸ்.டி, காவல்ல இருக்கற யாரா இருந்தாலும் வருமானம் பார்க்காம வக்கீல் குடுக்கணும். ஆனா "ஓசி வக்கீல் ஒழுங்கா பேச மாட்டாரு"ன்னு முதல்ல தாலிக்கொடியை அடகு வெச்சிடறாங்க, காசு தீர்ந்த பிறகுதான் அங்க போறாங்க. நல்லா வாதாடறவங்களும் இருக்காங்க, ஆளைப் பொறுத்ததுங்க. கேஸோட ஆரம்பத்துலயே போறதுதான் முக்கியம்.

அதனால உங்க வீட்டு ஆளை ரிமாண்டுக்கு கொண்டு போனா மாஜிஸ்திரேட்கிட்டயே "வக்கீல் வைக்க வசதி இல்லைங்க"ன்னு சொல்லச் சொல்லுங்க, இல்லன்னா இலவச சட்ட உதவி நம்பர் 15100க்கு போன் பண்ணுங்க. ஜாமீன் கிடைச்சு 7 நாள் ஆகியும் ஆள் வெளிய வரலைன்னா ஜெயில் சூப்பிரண்டெண்ட் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு செயலாளருக்கு தகவல் சொல்லணும்னு 2023 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் உத்தரவு இருக்கு. ஒரு மாசம் ஆகியும் ஜாமீன்தாரர் கிடைக்கலைன்னா கண்டிஷனை தளர்த்தறதைப் பத்தி கோர்ட்டே தானா எடுத்துப் பார்க்கலாம், உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேணும்னு பிடிவாதம் பிடிக்கக்கூடாதுன்னும் அதுலயே சொல்லியிருக்காங்க. அந்த உத்தரவை ஒரு பிரின்ட் எடுத்து வக்கீல் கையில குடுத்து, கண்டிஷனை குறைக்க மனு போடச் சொல்லுங்க.