எடுத்த வீடியோ எங்கே போகிறது?

கேள்வி: கண்ணெதிரே குற்றம் நடந்தால் செல்போனில் படம் எடுத்துப் போலீசுக்கு அனுப்பலாமா? வம்பில் மாட்டிக்கொள்வோமோ என்று பயமாக இருக்கிறதே?
(வாசகி ஒருவர், தஞ்சாவூர்)

பதில்: தாராளமாக எடுங்கள், அம்மா. ஆனால் முதலில் 100க்கோ 112க்கோ கூப்பிட்டுவிட்டு எடுங்கள். 2010இல் டெல்லி போக்குவரத்துப் போலீஸ் ஃபேஸ்புக் பக்கம் தொடங்கியபோது சில மாதங்களில் மக்கள் ஆயிரக்கணக்கில் படம் அனுப்பினார்கள். வண்டி எண்ணை வைத்தே நூற்றுக்கணக்கானோருக்கு அபராதம் போட்டார்கள்.

எடுத்ததை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். 2018 மே மாதம் போளூர் அருகே நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பம் வழி கேட்க நின்றது. 65 வயது அம்மா ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்து, ஊர்க் கூட்டம் அந்த அம்மாவை அடித்தே கொன்றுவிட்டது. கூட்டத்தை அப்படி வெறியேற்றியது கைக்குக் கை மாறிய வாட்ஸ்அப் வதந்தி. அடிப்பதையும் படம் எடுத்துப் பரப்பினார்கள்.

வீடியோவை வெட்டாதீர்கள், வட்டம் போடாதீர்கள். அசல் உங்கள் போனிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த நேர விவரமும் போய்விடும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் ஹாஷ் மதிப்போடு (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) சான்றிதழ் கேட்கிறது. ஒரு நொடியை வெட்டினாலும் அந்த மதிப்பு மாறிவிடும்.

உங்கள் பயம் நியாயமானது. எங்கள் தெருவில் மாவு மில் வைத்திருப்பவர், செயின் பறித்தவனின் பைக் எண்ணைப் படம் பிடித்துக் கொடுத்தார். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரசீது கூடத் தரவில்லை. மில்லைப் பூட்டிவிட்டு நாலு நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாலை விபத்தில் உதவியவர் தன் பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134ஏ பிரிவின் பாதுகாப்பு அது. அதேபோல, குற்றத்தின் வீடியோ கொடுப்பவரின் பெயரையும் ரகசியமாக வைக்க வேண்டும். அவர் கண்ணெதிரே நகலெடுத்து, ரசீது எழுதி, அன்றே போனைத் திருப்பித் தர வேண்டும். 'படம் அனுப்புங்கள்' என்று கேட்கும் அதிகாரிகள் முதலில் இதற்கு உத்தரவு போடட்டும்.

மில்காரர் இப்போதெல்லாம் வாசலில் சத்தம் கேட்டால் ஷட்டரை இறக்கிவிடுகிறார்.