கிரீஸ் போகப் பெட்ரோல் வேண்டாம்

கேள்வி: ஐயா, தாத்தா வாங்கிய 1972 மாடல் அம்பாசிடரை வீட்டு ஷெட்டிலேயே பிரித்துப் போட்டிருக்கிறேன். பாகங்களில் கிரீஸும் மண்ணும் கட்டி தட்டிப் போயிருக்கிறது. பெட்ரோலில் ஊற வை என்கிறார் ஒருவர், காஸ்டிக் சோடா போடு என்கிறார் இன்னொருவர். எது சரி?
- வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டுமே வேண்டாம், தம்பி.

பெட்ரோல் விட்ட தழும்பு இன்னும் என் இடது கையில் இருக்கிறது. வேலை பழகிய காலத்தில் ஒரு தட்டில் பெட்ரோல் ஊற்றி கியர் சக்கரங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். பதினைந்து அடி தள்ளி ஒருவர் கிரைண்டரைப் போட்டார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம்; தரையோடு ஊர்ந்து போகும். அங்கே பொறி விழுந்ததும் தீ என் தட்டுக்கே வந்துவிட்டது. மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் பெட்ரோலிலிருந்து பற்றக்கூடிய ஆவி கிளம்பும். டீசலுக்கு 35 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் உங்கள் ஊர் மே மாத வெயில் அதைத் தாண்டிவிடுமே! அதனால் டீசலானாலும் காலை வேளையில், நிழலில், திறந்த வெளியில்தான்.

முதலில் தட்டையான மரக்குச்சியால் காய்ந்தபடியே சுரண்டுங்கள். பெரும்பகுதி அழுக்கு அதிலேயே போய்விடும். மிச்சத்துக்குக் கொஞ்சம் டீசலும் பிரஷும். கையில் நைட்ரைல் உறை, கண்ணுக்குக் கண்ணாடி. அப்புறம் சோப்பு ஆயில் கலந்த வெந்நீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து, உடனே எண்ணெய் தடவிவிடுங்கள். வெறும் இரும்பு சீக்கிரம் துரு பிடிக்கும்.

காஸ்டிக்கை இன்ஜினின் இரும்பு பிளாக் தாங்கும். அலுமினியம் கலந்த கார்புரேட்டரும் பிஸ்டனும் தாங்காது. அலுமினியத்தை அது கரைக்கும்போது ஹைட்ரஜன் கிளம்பும், அதுவும் தீப்பிடிக்கும். கண்ணில் ஒரு சொட்டு தெறித்தால் பார்வையே போகலாம்.

பிரேக் பக்கம்தான் எனக்கு அதிகக் கவலை. பழைய பிரேக் லைனிங்கில் (சக்கரத்தின் டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டையில்) ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார் இருக்கலாம். டிரம்முக்குள் கம்ப்ரஸர் காற்று அடிக்கவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பாலிதீன் பையில் கட்டிவிடுங்கள். பிரேக்கை அழுத்தித் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரில் டீசல் படவே கூடாது. ரப்பர் ஊதிப்போய் பிரேக் இறுகிக்கொள்ளும். அதைப் புது பிரேக் ஆயிலில் மட்டும் கழுவுங்கள்.

இன்ஜின் ஹெட்டில் (மேல்மூடியில்) படிந்த கரியையும் நனைத்துத்தான் சுரண்ட வேண்டும். 2000 வரை நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்றார்கள், அந்த ஈயம் கரியில் இருக்கும். குழந்தைகள் பக்கத்தில் வர வேண்டாம். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

எண்ணெய் துடைத்த பனியன் வேஸ்டை (கழிவுத் துணியை) மூடியுள்ள இரும்பு டப்பாவில் போடுங்கள். அழுக்கு டீசலைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். கேனில் இரண்டு நாள் வைத்தால் மண் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை அடுத்த பாகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.