ஜனவரியில் குழந்தையோடு குளிர்நாட்டுக்கு வரும் தம்பிக்கு

சம்பளம் குடும்பத்துக்குப் போதுமா, வீடு எந்தப் பக்கம் பார்ப்பது, ஆளுக்கு எத்தனை ஜாக்கெட் வாங்கி வருவது என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. மனைவியும் இரண்டு வயதுக் குழந்தையும் கூட வருகிறார்கள், அதுவும் ஜனவரியில். சம்பளத்தையும் வீட்டையும் பற்றிச் சொல்ல உங்கள் அலுவலகத்திலேயே பத்துப் பேர் இருப்பார்கள். ஜாக்கெட் கேள்விக்குத்தான் நம் ஆட்கள் தப்பும் தவறுமாகச் சொல்லி அனுப்புகிறார்கள். அதனால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

ஆளுக்கு ஒரு ஜாக்கெட் போதும். காற்றும் தண்ணீரும் புகாததாக, தொப்பியோடு, இடுப்புக்குக் கீழே இறங்குவதாக இருக்க வேண்டும். அதை இங்கே வந்து வாங்குங்கள். வெப்ப நாட்டுக் கடையில் கனமாகத் தெரிகிற ஜாக்கெட் இங்கே பெரும்பாலும் இலையுதிர்காலத்துக்குத்தான் தாங்கும். உண்மையான வேலை அதற்கு உள்ளே நடக்கிறது. உடம்பை ஒட்டி தெர்மல் என்ற சூடான உள்ளாடை, அதன் மேல் ஃபிளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணி அல்லது கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே ஜாக்கெட். உள்ளே போடும் தெர்மல் பருத்தியாக இருக்கவே கூடாது. வேகமாக நடந்தால் மைனஸ் 15 டிகிரியிலும் வியர்க்கும். பருத்தி அந்த வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், நின்றவுடன் ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சும், பத்து நிமிடத்தில் நடுக்கம் வந்துவிடும். மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ ஈரத்தை வெளியே தள்ளும். ஜீன்ஸும் பருத்திதான். பனியில் நனைந்த ஜீன்ஸோடு பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். ரயிலில் ஏறியதும் ஜிப்பைத் திறந்துவிடுங்கள், உள்ளே 20 டிகிரிக்கு மேல் இருக்கும்.

பூட்ஸ் அரை அளவு பெரிதாக இருக்கட்டும். இரண்டு காலுறையை இறுக்கித் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் முதலில் மரத்துப்போகும். ஒரே ஒரு தடித்த கம்பளிக் காலுறை போதும். கைக்கு, விரல்கள் தனித்தனியாக உள்ள கையுறையைவிட நான்கு விரலும் சேர்ந்திருக்கும் மிட்டன் சூடானது.

வானிலையில் வெறும் வெப்பநிலையைப் பார்க்காமல், காற்றையும் சேர்த்துச் சொல்லும் 'விண்ட் சில்' எண்ணைப் பாருங்கள். அது மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைய ஆரம்பிக்கும். மூக்கு நுனியோ காதோ வெளுத்து உணர்ச்சி போனால் தேய்க்காதீர்கள். பனியை வைத்துத் தேய்க்கச் சொல்லும் பழைய வைத்தியம் தோலைக் கிழித்துவிடும். உள்ளே வந்து, கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை அதன் மேல் வையுங்கள். உணர்ச்சி திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

இனிக் குழந்தை. காரில் குழந்தை இருக்கையில் தடித்த ஜாக்கெட்டோடு உட்காரவைத்துப் பட்டை போடாதீர்கள். இதை நூறு முறை சொன்னாலும் நம்மவர்கள் கேட்பதில்லை. மோதலில் ஜாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று அமுங்கி, இறுக்கமாகத் தெரிந்த பட்டை தளர்ந்து, குழந்தை நழுவி வெளியே வீசப்படலாம். மெல்லிய ஃபிளீஸோடு பட்டையைப் போட்டு இறுக்குங்கள். தோள் பட்டையைக் கிள்ளிப் பார்த்தால் துணி மடிந்து விரலில் சிக்கக் கூடாது. அதன் பிறகு போர்வையை மேலே போர்த்துங்கள்.

வழுக்கலைப் பனிப்பொழிவு நாளில் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். ஆபத்து, பகலில் உருகி இரவில் மறுபடி உறைந்த மறுநாள் காலையில்தான். நடைபாதை வெறும் ஈரமாகத் தெரியும், அது கண்ணாடி போன்ற பனிக்கட்டி. சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் பதிய நடங்கள், கைகளைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். வாசலில் உப்புத் தூவலாம், ஆனால் சுமார் மைனஸ் 10-க்குக் கீழே சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது, மணல் தூவுங்கள். பனி அள்ளும்போது தூக்கி எறியாமல் தள்ளுங்கள். முழுவதும் கொட்டி முடியட்டும் என்று காத்திருக்காமல் இடையிடையே அள்ளினால் பாரம் குறையும். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும்போது திடீரென்று செய்யும் கடும் உழைப்பு இது, இதய நோய் உள்ள பெரியவர்கள் கையில் பனி அள்ளும் மண்வாரியையே கொடுக்காதீர்கள்.

வீட்டுக்குள் நம் ஆட்கள் செய்யும் சிக்கனம் எனக்குப் பெரிய வருத்தம். ஹீட்டரை அணைத்துவிட்டு, காற்றுத் துவாரங்களை ஒட்டி மூடிவிட்டு, அடுப்பைச் சூட்டுக்கு எரியவிடுகிறார்கள். அப்படி எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கம் என்று வந்து, தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும். படுக்கையறைப் பக்கம் அதற்கான அலாரம் இருக்கிறதா என்று முதல் இரவே பொத்தானை அழுத்திப் பாருங்கள். காரும் அப்படித்தான். பனியில் சிக்கி எஞ்சினை ஓடவிட வேண்டியிருந்தால், முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். சமையலறையிலும் குளியலறையிலும் விசிறியை ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் நீராவி ஜன்னல் ஓரத்தில் படிந்து பூஞ்சை பிடிக்கும், குழந்தை இருமும்.

உங்கள் மனைவியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்குக் கவலை அதுதான். நீங்கள் இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புவீர்கள், அவர் நாள் முழுவதும் நான்கு சுவருக்குள் இருப்பார். குளிருக்குப் பயந்து திரையைக்கூட விலக்காத வீடுகள் நிறைய உண்டு. நடுப்பகலில் குழந்தையோடு அரை மணி நேரம் வெளியே நடப்பதை அவருக்கு வழக்கமாக்குங்கள். பிப்ரவரியில் தூக்கம் கூடி எதிலும் மனம் ஒட்டாமல் போனால் சோம்பல் என்று திட்டிவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். காலையில் 10,000 லக்ஸ் அளவு வெளிச்சம் தரும் விளக்கின் முன் அரை மணி நேரம் உட்காரச் சொல்வார்கள், பலருக்குப் பலன் தருகிறது. வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் போன்ற கருத்த தோலுக்கு அதே வெயிலில் குறைவாகத்தான் அது ஊறும், இங்கே குளிர்கால வெயிலில் அதுவும் கிடையாது.

நாங்கள் வந்த காலத்தில் இதையெல்லாம் சொல்ல யாரும் இல்லை, ஒவ்வொருவரும் விழுந்து எழுந்துதான் பழகினோம். இன்று அதே தெருவில் மைனஸ் 20-ல் நம் பெண்கள் குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு நிமிர்ந்து போவதைப் பார்க்கையில் பெருமையாக இருக்கிறது.

ஒன்று மறந்துவிட்டேன். தெர்மல், தொப்பி, கையுறை, குழந்தையின் ஃபிளீஸ், நடுவில் போடும் கம்பளி எல்லாவற்றையும் விமானத்துக்குள் கொண்டுவரும் பையில் வையுங்கள். பெட்டி வராமல் போகலாம். விமான நிலையக் கதவைத் தாண்டும் முன் கழிப்பறையிலேயே மூவரும் உடை மாற்றிக்கொள்ளுங்கள். அழைத்துப்போக வருபவரிடம் கடன் கேட்டாவது மூன்று பெரிய ஜாக்கெட்டும் குழந்தை இருக்கையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.