ஜேர்மனியில் மதுவற்ற உயர்தரப் பானங்கள்: இறக்குமதியும் விநியோகமும் – கேள்வி பதில்

ஸ்பார்க்ளிங் தேநீர், டொனிக், மதுவற்ற ஜின் மாதிரியான பானங்களை ஜேர்மனிக்குள் கொண்டுவந்து விற்க விரும்புபவர்களின் கேள்விகளுக்கு, ரூர் பகுதியில் பான மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் பதில் தருகிறார். ஒவ்வொரு கேள்விக்கு முன்னும் கேட்டவரின் நகரம் இருக்கிறது.

டோர்ட்முண்ட்: அண்ணா, டென்மார்க்கில் செய்யும் ஸ்பார்க்ளிங் தேநீர் ஒன்றை எடுக்கப் பேசிவிட்டேன். முதல் லொறி வர முன்னம் எதைச் செய்யவேணும்?

ஃபாண்ட், அதாவது போத்தலைத் திருப்பித் தந்தால் கிடைக்கும் வைப்புத்தொகை, அந்த வேலையை முடியுங்கோ தம்பி. சுவை நல்லதென்று நம்பி இறக்கிவிட்டு, வெற்றுப் போத்தலில் மாட்டுப்படுபவர்கள்தான் அதிகம். ஒருமுறை மட்டும் பாவிக்கும் போத்தலில் 0.1 முதல் 3 லீற்றர் வரை குளிர்பானம் விற்றால் 25 சதம் வைப்புத்தொகை கட்டாயம். கண்ணாடியும் இதில் அடக்கம். பழச்சாறு கண்ணாடிப் போத்தலில் வந்தால் விலக்கு உண்டு. அதே சாறு பிளாஸ்டிக்கிலோ தகரத்திலோ வந்தால் 2022 ஜனவரியிலிருந்து விலக்கில்லை.

முதலில் சந்தைக்கு விடுபவர் நீங்கள் என்பதால் இந்த வைப்புத்தொகை முறையை நடத்தும் டிபிஜி (DPG) அமைப்பில் சேரவேண்டியதும் நீங்கள்தான். அதன் சின்னத்தைச் சாதாரண மையில் அச்சடிக்க முடியாது. அனுமதி பெற்ற அச்சகம், அதற்கென்று உள்ள விசேட மை, ஜேர்மனிக்கென்றே தனியாகப் பதிந்த பார்கோட் மூன்றும் வேணும். இல்லாவிட்டால் கடையிலுள்ள இயந்திரம் போத்தலைத் திருப்பித் தள்ளும், வாடிக்கையாளர் கடைக்காரரோடு சண்டைக்குப் போவார், அடுத்த ஓடர் வராது. விற்கும்போது வாங்கும் 25 சதம் உங்கள் பணமில்லை, பிறகு திருப்பிக் கொடுக்கவேண்டியது. அதை வேறு கணக்கில் வையுங்கோ. பொதியிடலுக்கான லூசிட் (LUCID) பதிவேட்டிலும் பதியவேணும், அது இலவசம்.

ஹம்: இலங்கை நிறச்சோடாவுக்கு ஜேர்மன் மொழி ஸ்டிக்கர் ஒட்டினால் போதுமா?

போதும், ஆனால் ஸ்டிக்கரில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். எழுத்தளவில் சின்ன ‘x’ எழுத்தின் உயரம் குறைந்தது 1.2 மில்லிமீற்றர். 200 மில்லி லீற்றருக்கு மேல் ஒரு லீற்றர் வரை அளவைக் காட்டும் இலக்கங்கள் 4 மில்லிமீற்றர். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கும் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் வரவேணும். டாட்ரசின் (ஈ102), சன்செட் யெலோ (ஈ110) மாதிரி நிறம் சேர்ந்திருந்தால், பிள்ளைகளின் செயற்பாட்டையும் கவனத்தையும் அது பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை கட்டாயம். அந்த வரியோடு உயர்தரப் பானம் என்று விற்பது கடினம். தயாரிப்பாளரிடம் நிறத்தை மாற்றித் தரக் கேளுங்கோ.

பிராங்ஃபேர்ட்: நன்னாரி சர்பத் கொண்டுவரலாமா?

1997 மே 15க்கு முன் ஐரோப்பிய ஒன்றியத்தில் குறிப்பிடத்தக்க அளவு உண்ணப்படாத உணவென்றால் அது நாவல் ஃபூட் (புதுவகை உணவு) சட்டத்துக்குள் வரும், அனுமதியில்லாமல் விற்க முடியாது. ஒன்றியத்தின் நாவல் ஃபூட் பட்டியலில் நன்னாரியின் தாவரப் பெயரைப் போட்டுப் பார்த்த பிறகு முற்பணம் அனுப்புங்கோ. முகவர் வாயால் சொல்வதை நம்பாதேங்கோ.

பெர்லின்: “மதுவற்ற ஜின்” என்று லேபலில் போடலாமா அண்ணா?

போடக்கூடாது. ஜின் என்றால் குறைந்தது 37.5 வீத அல்கஹோல் இருக்கவேணும் என்பது ஐரோப்பிய விதி. “அல்கஹோல்ஃப்ரை” (மதுவற்றது) என்று பக்கத்தில் சேர்த்தாலும் அந்தப் பெயர் செல்லாதென்று ஐரோப்பிய நீதிமன்றம் 2025 நவம்பரில் தீர்ப்பளித்தது. இன்னொன்று: ஜேர்மனியில் 0.5 வீதம் வரை இருக்கும் பானத்துக்கும் “அல்கஹோல்ஃப்ரை” என்று போடலாம். முஸ்லிம் வாடிக்கையாளருக்கும், குடியை விட்டவருக்கும், கர்ப்பிணிக்கும் அந்த அரை வீதம் பெரிய விஷயம். கேட்க முன்னமே சொல்லிவிடுங்கோ.

கேல்ன்: சூப்பர் மார்க்கெட்டா, உணவகமா? எங்கே தொடங்குவது?

உணவகம். தலைமைச் சமையற்காரர் உணவோடு மதுவற்ற பான வரிசை வைத்திருக்கும் இடங்களைத் தேடுங்கோ. 0.75 லீற்றர் போத்தலில் 0.1 லீற்றர் கிளாஸ் 7 வரும். உணவகம் உங்களிடம் 9 யூரோவுக்கு வாங்கி ஒரு கிளாஸ் 6.50க்கு விற்றால் 45.50 யூரோ. 19 வீத வரி போக 38 யூரோவுக்குச் சற்றுக் கூட. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கோ, மாதிரிப் போத்தலை அதற்குப் பிறகு திறக்கலாம்.

ஆனால் முதல் கேள்வியாக, பியர் ஆலையோடு ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கோ. பல உணவகங்களின் ஒப்பந்தத்தில் குளிர்பானமும் சேர்ந்திருக்கும். உரிமையாளர் ஆசைப்பட்டாலும் வாங்க முடியாது.

கடை வேணுமென்றால் எடெகா, ரெவே சூப்பர் மார்க்கெட்டுகளில் தனி முதலாளி நடத்தும் கிளைகளுக்குப் போங்கோ. தலைமையகத்தைக் கேட்காமலே உள்ளூர்ப் பொருளைத் தட்டில் வைக்கும் சுதந்திரம் அவர்களுக்கு ஓரளவு உண்டு.

டூயிஸ்பேர்க்: எல்லை பக்கத்தில்தானே, நெதர்லாந்திலும் விற்கலாமா?

விற்கலாம், கணக்கு வேறு. அங்கே ஒருமுறைக் கண்ணாடிப் போத்தலுக்கு வைப்புத்தொகை கிடையாது. ஆனால் 2024இலிருந்து மதுவற்ற பானங்களுக்கு 100 லீற்றருக்கு 26.13 யூரோ நுகர்வு வரி, அதாவது 0.75 போத்தலுக்கு ஏறக்குறைய 20 சதம். ஃபாண்ட் மாதிரி அது திரும்பி வராது, விலையிலேயே ஏற்றவேணும். ஜேர்மன் சின்னத்தோடு அச்சடித்த சரக்கை அங்கே அனுப்பாதேங்கோ. அந்தப் போத்தல் திரும்ப இங்கே வந்தால் 25 சதம் கட்டுவது நீங்கள்தான்.